தோ பாயோ டிராகன்: மணல்தான் வரம், மணல்தான் தொல்லை

லோரோங் 8 வைராவிமட காளியம்மன் கோயிலுக்கு வருகிற நண்பர்கள் தவறாமல் கேட்பது: “நாலு வயதுப் பிள்ளையை அந்த டிராகனுக்குக் கூட்டிப் போகலாமா?” தோ பாயோ லோரோங் 6, புளோக் 28 பக்கத்து மணல் விளையாட்டுத் திடலில், பிள்ளைகள் ஏறிச் சறுக்குவதற்காக நிற்கும் டிராகன். படத்தில் பார்க்காதவர் சிங்கப்பூரில் இருக்க மாட்டார். அதனால் அதன் அழகைப் பற்றி நீட்டாமல் மணலுக்கே வந்துவிடுகிறேன்.

பிள்ளைகள் சறுக்கி இறங்கும் இடத்தில் ஒரு குழி விழும். இத்தனை ஆண்டுகளில் தீராத எரிச்சல் இது. ஒவ்வொரு பிள்ளையும் குதிகாலை ஊன்றி மணலை முன்னால் தள்ளிவிட்டு எழுந்து ஓடுகிறது. இருபது முப்பது பேர் இறங்கினால் போதும், சறுக்கின் நுனிக்கும் மணலுக்கும் நடுவே பெரிய இடைவெளி வந்துவிடும். அடுத்து வருகிற சின்னப் பிள்ளைக்குக் கால் எட்டாது, தொப்பென்று உட்கார்ந்து முதுகுத்தண்டில் அடி வாங்கும். சரிசெய்ய இரண்டு நிமிடம் ஆகாது. சுற்றிக் குவிந்து கிடக்கும் மணலைக் காலால் உள்ளே இழுத்து, நுனிக்கும் மணலுக்கும் ஒரு சாண் இருக்கும்படி நிரப்பினால் போதும். பக்கத்தில் நிற்கிற பெரியவர்கள் ஒருவராவது இதைச் செய்கிறார்களா? கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, “இங்கே பார், சிரி” என்பதோடு சரி.

மழைக்குப் பிறகு இன்னொரு சிக்கல். மேல்மணல் காய்ந்து பொலபொலவென்று தெரியும், அடியில் ஈரம் இறுகிக் கெட்டித்திருக்கும். விழுகிற உடம்புக்கு வழிவிட்டு விலகுவதால்தான் மணல் அடியைத் தாங்குகிறது. ஒன்பது அங்குல மணல் சுமார் 4 அடி உயர விழுதலைத் தாங்கும் என்பது விளையாட்டுத் திடல்களுக்கான கணக்கு. இறுகிய மணலுக்கு அந்தக் கணக்கு செல்லாது. குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதியுங்கள். கால் புதைந்தால் பிள்ளையை விடலாம். புதையாவிட்டால் மண்வெட்டியால் கிளறிவிட்டு விடுங்கள். கிளறும்போதே பூனைக் கழிவு, கண்ணாடிச் சில்லு, சுள்ளி ஏதும் கிடக்கிறதா என்றும் தெரிந்துவிடும். ஓரங்களை முதலில் பாருங்கள்.

இனி சறுக்குக்கு வருவோம். நம் பழைய வீடுகளில் மொசைக் தரை என்போமே, அதே சங்கதி. சிமெண்டில் சலவைக்கல் சில்லுகளைக் கலந்து வார்த்து, இறுகிய பின் தேய்த்து வழவழப்பாக்கியது. பிளாஸ்டிக் சறுக்கில் இறங்கினால் முடி சிலிர்த்து, இரும்பைத் தொட்டதும் சுரீர் என்று ஒரு மின்னதிர்வு வருமே, அது இதில் இல்லை. காலையில் உள்ளங்கையை வைத்தால் கோயில் தரைபோலக் குளிர்ந்திருக்கும். எத்தனை தலைமுறைப் பிள்ளைகளின் கால்சட்டைகள் தேய்த்த வழவழப்பு! காய்ந்த பருத்திக் கால்சட்டை போட்ட பிள்ளை சர்ரென்று இறங்கும். வியர்த்த வெறுந்தொடை பாதியிலேயே ஒட்டிக்கொள்ளும். சறுக்கில் மணல் கிடந்தால் அது உப்புத்தாள் மாதிரி தொடையைச் சிராய்த்துவிடும், மேலிருந்து கீழாக ஒரு துணியால் துடைத்துவிடுங்கள். தலைக்குப் பின்னால் வால்வரை போகும் உலோக வளையங்கள் வேறு கதை. கூரை இல்லாத இடம், நடுப்பகல் வெயிலில் அவற்றைத் தொட முடியாது.

இந்த டிராகனை வடிவமைத்தவர் வீவகவில் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில்) வேலை பார்த்த கோர் இயன் கீ, ஆண்டு 1979. யானை, புறா, தர்பூசணி, மங்குஸ்தான் என்று அந்தக் காலத் திடல்களுக்குப் பல உருவங்கள் இருந்தன. 1990களில் மணல் போய் ரப்பர் விரிப்பு வந்தது, உருவங்களில் பலவும் ஒவ்வொன்றாக மறைந்தன. தோ பாயோ டிராகன் இன்னும் மணலோடு நிற்கிறது. ‘தோ பாயோ’ என்றாலே பெரிய சதுப்பு என்றுதான் பொருள். அந்தச் சேற்று நிலத்தில் எழுந்த அடுக்குமாடி வட்டாரத்துக்குத் தனக்கென்று ஒரு முகம் கிடைத்தது என்றால், அது இந்த ஓட்டுச் சில்லுகள் பதித்த தலைதான். பக்கத்தில் நின்று ஒரு முறை தடவிப் பாருங்கள். சில்லுகளின் இடைவெளிகளில் விரல் தட்டித் தட்டிப் போகும். படத்தில் இது கிடைக்காது.

தினமும் விளையாட ஏற்ற இடமா என்றால், இல்லை. அதற்கு உங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் ரப்பர் திடலே நல்லது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம், மணலை வாயில் போட்டுக்கொள்ளும். ஆனால் இங்கேயும் மணலை அள்ளிவிட்டு ரப்பர் போடலாம் என்று யாராவது கிளம்பினால், எதிர்த்துக் கையெழுத்துப் போடுகிற முதல் ஆள் நான்தான்.

போகிறவர்கள் வார நாளில் காலை 9 மணிக்கு முன் போங்கள். ஞாயிறு மாலை வேண்டாம், படம் எடுக்கிறவர்கள் சறுக்கின் உச்சியில் நின்றுகொண்டு நகர மாட்டார்கள், கீழே பிள்ளைகள் வரிசையில் காத்திருக்கும். ஒன்றரை லிட்டர் தண்ணீர், காய்ந்த துண்டு, கொஞ்சம் முகப்பவுடர், சின்னப் பிளாஸ்டிக் மண்வெட்டி எடுத்துப் போங்கள். ஈரக்காலைத் துடைத்தால் மணல் தோலோடு தேயும். காயவிட்டுப் பவுடர் தூவித் தட்டினால் தானாக உதிரும். தண்ணீரைக் கடைசியில் ஊற்றுங்கள். கிளம்பும் முன் அந்தக் குழியை நிரப்பிவிட்டுப் போங்கள்.