மூன்று வருடமாக வேர் பிடித்துப் படிக்கிறேன்: கோலி ஏமாற்றியது, அஸ்தி கைவிடவில்லை

மெடிக்கல் கோடிங் வேலைக்கு வந்து 3 வருடம் முடிந்தது. அமெரிக்க மருத்துவமனை ரிப்போர்ட்டைப் படித்து நோய்க்கு ஐசிடி-10 கோடும், செய்த சிகிச்சைக்கு சிபிடி கோடும் போடுகிற வேலை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். பயிற்சியின் முதல் நாள் பலகையில் ‘கோலிசிஸ்டெக்டமி’ என்று எழுதினார்கள். எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் சார் அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டார்.

மனப்பாடம் செய்து பார்த்தேன். முப்பது வார்த்தை தாண்டியதும் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. அப்புறம்தான் வேர் பிரித்துப் படிக்கும் முறைக்கு வந்தேன். கோலி என்றால் பித்தம், சிஸ்ட் என்றால் பை, எக்டமி என்றால் வெட்டி எடுப்பது. பித்தம், பை... அட, பித்தப்பை! கிரேக்கக்காரனும் நம்மைப் போலத்தான் பெயர் வைத்திருக்கிறான். அன்றைக்குப் பாதி பயம் போய்விட்டது.

மீதிப் பயத்தைப் போக்கியது தமிழ் இலக்கணம். பள்ளியில் வேண்டாவெறுப்பாகப் படித்த பகுபத உறுப்பிலக்கணம் நினைவிருக்கிறதா? பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம். மருத்துவச் சொல்லையும் அப்படியே பிரிக்கலாம். ‘கேஸ்ட்ரோஎன்ட்டராலஜி’யில் கேஸ்ட்ர் இரைப்பை, என்ட்டர் குடல், லஜி இயல். நடுவில் இரண்டு இடத்தில் வருகிற ஆங்கில ‘ஓ’ (o) எழுத்துக்குத் தனியாகப் பொருள் கிடையாது, ஒட்டுவதற்கு மட்டும் வருகிறது. நம்ம ஊர்ச் சாரியை மாதிரி. விகுதி உயிரெழுத்தில் தொடங்கினால் அந்த ‘ஓ’ கழன்றுகொள்ளும், அதனால்தான் இரைப்பை அழற்சிக்கு ‘கேஸ்ட்ரைட்டிஸ்’ என்று பெயர். ‘ஐட்டிஸ்’ என்றால் அழற்சி. இதைப் புரிந்துகொண்ட பிறகு எந்த நீள வார்த்தை வந்தாலும் விகுதியில் ஆரம்பித்துப் பின்னாலிருந்து முன்னுக்கு வாசிக்கிறேன். என்ன செய்தார்கள் என்பது விகுதியில் இருக்கும், எங்கே என்பது பகுதியில். எக்டமி வெட்டி எடுப்பது, ஓட்டமி வெட்டித் திறப்பது, ஆஸ்டமி வாய் வைப்பது. ‘ஸ்டோமா’ என்றால் கிரேக்கத்தில் வாய். கொலாஸ்டமி செய்தவருக்குப் பெருங்குடலிலிருந்து வயிற்றுக்கு வெளியே ஒரு வாய். இந்த மூன்றும் குழம்பினால் கோடு மாறும், பில் மாறும்.

நினைவில் நிற்பதற்காகச் சொந்தமாகவும் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். 192 பக்க நோட்டில் ஒரு வேருக்கு ஒரு வரி. கோலி என்ற வேருக்குப் பக்கத்தில் ஒரு கோலிக்குண்டு படம். பித்தப்பைக்குள் கல் உருளுகிறது என்று கற்பனை. ‘லித்’ என்றால் கல், ‘கோலிலித்தியாசிஸ்’ என்றால் பித்தப்பைக் கல். கோலிக்குண்டு எவ்வளவு பொருத்தம் என்று அப்போது எனக்கே பெருமை.

அந்தப் பெருமை எட்டு மாதம் நீடித்தது. ஒரு ரிப்போர்ட்டில் ‘அக்யூட் அகால்குலஸ் கோலிசிஸ்டைட்டிஸ்’ என்று இருந்தது. அவசரத்தில் கல்லோடு கூடிய அழற்சிக்கான கே80.00 போட்டுவிட்டேன். போட வேண்டியது கல் இல்லாத அழற்சிக்கான கே81.0. ஆடிட் பார்த்த அக்கா கூப்பிட்டு, “ஏம்மா, ரிப்போர்ட்ல கல்லே இல்லையே, உனக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?” என்றார். நோட்டிலிருந்துதான் வந்தது. கோலி என்ற வேருக்குப் பித்தம் என்று மட்டும்தான் பொருள். கல்லைச் சேர்த்தது என் கற்பனை. அந்த மாதம் என் குவாலிட்டி, அதாவது சரியாகப் போட்ட கோடுகளின் அளவு, 95 சதவீதத்துக்குக் கீழே போனது.

அந்த ‘அகால்குலஸ்’ வார்த்தையில்தான் விடையும் இருந்தது. கால்குலஸ் என்றால் லத்தீனில் சிறு கல். கூழாங்கல் வைத்து எண்ணியதால் வந்ததுதான் கால்குலேட்டரும். முன்னால் நிற்கிற ‘அ’, ‘இல்லை’ என்று பொருள் தருகிறது. நீதி, அநீதி, சுத்தம், அசுத்தம். உயிரெழுத்துக்கு முன்னால் அது ‘அன்’ ஆகும்: அவசியம், அனாவசியம். ரத்தசோகையைச் சொல்கிற ‘அனீமியா’விலும் அதே ‘அன்’தான். இது தற்செயலான ஒற்றுமை இல்லை. சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் மூலம் ஒன்று என்பதால் வந்த உறவு. வடமொழி வழியாக நம் வாயிலும் புழங்குகிறது. எலும்பைக் குறிக்கும் ‘ஆஸ்டியோ’வும் நாம் ஆற்றில் கரைக்கிற அஸ்தியும் ஒரே குடும்பம். டென்டல்–தந்தம், நாசல்–நாசி, பெடல்–பாதம் எல்லாம் அப்படித்தான். இவற்றை ஒரு முறைதான் எழுதினேன். மூன்று வருடத்தில் திருப்பிப் பார்க்க வேண்டி வரவில்லை.

அதற்காகச் சொந்த முடிச்சே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இலியம் என்று இரண்டு உண்டு: ஒன்று சிறுகுடலின் கடைசிப் பகுதி, மற்றது இடுப்பெலும்பு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், ஆங்கிலத்தில் மூன்றாவது எழுத்து மட்டும் மாறும். ஆங்கிலச் சின்ன எழுத்தில் ‘இ’ (e) சுருண்டு கிடக்கும், அது குடல். ‘ஐ’ (i) நிமிர்ந்து நிற்கும், அது எலும்பு. இந்த முடிச்சு இதுவரை என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை. இரண்டு வார்த்தையைப் பிரித்துக் காட்டுவதோடு அது நின்றுவிடுகிறது, பொருளில் கை வைப்பதில்லை.

வேர் தெரிந்தாலும் வழுக்குகிற இடங்கள் உண்டு. ‘மைலோ’ எலும்பு மஜ்ஜையையும் குறிக்கும், தண்டுவடத்தையும் குறிக்கும். ஆஸ்டியோமைலைட்டிஸில் மஜ்ஜை, போலியோமைலைட்டிஸில் தண்டுவடம். ‘சால்பிங்க்ஸ்’ என்றால் ஊதுகொம்பு. கருக்குழாய்க்கும் அந்தப் பெயர், காதுக்குள் இருக்கும் குழாய்க்கும் அந்தப் பெயர். ரிப்போர்ட் எந்த டாக்டருடையது என்று மேலே பார்த்துவிட்டுத்தான் கோடு போட வேண்டும். ஹாட்ஜ்கின், க்ரோன் மாதிரி ஆள் பெயரில் இருக்கும் நோய்களுக்கு வேராவது விகுதியாவது, நெட்டுருதான்.

மெடிக்கல் கோடிங் சான்றிதழுக்கான சிபிசி தேர்வுக்கு இந்த முறை எவ்வளவு உதவியது என்று கேட்பார்கள். 4 மணி நேரம், 100 கேள்வி, 70 சதவீதம் எடுத்தால் பாஸ். கோடு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே எழுதலாம். ஆனால் ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. வார்த்தை புரிந்தால்தான் எந்தப் பக்கம் புரட்டுவது என்றே தெரியும். எனக்கு அங்கேதான் நேரம் மிச்சமானது. ஃபிளாஷ் கார்டு ஆப்பும் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். பார்க்காத கார்டு நானூறைத் தாண்டியதும் அழித்துவிட்டேன், சோம்பேறித்தனம் என்னுடையது.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண், “அக்கா, உங்க நோட்டைக் குடுங்களேன்” என்று கேட்டாள். கோலிக்குண்டு படத்தைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் ‘பித்தம் மட்டும்’ என்று சிவப்பில் எழுதிக் கொடுத்தேன். நேற்று அவள் எழுதி வைத்திருக்கும் நோட்டை எட்டிப் பார்த்தேன். அதே பக்கம், அதே கோலிக்குண்டு. இந்த முறை ஸ்கெட்ச் பேனாவில் நீல வரி எல்லாம் போட்டு.