கேமரா மாத்திரையா, எண்டோஸ்கோபி குழாயா?

வயிற்றுக்குள் பார்க்க வாய்வழியே விடும் குழாய் இருக்கிறது. விழுங்கினால் தன்போக்கில் போகும், கேமரா பொருத்திய கேப்சூல் இருக்கிறது. வெளியிலிருந்து காந்தத்தால் ஓட்டப்படும் கேப்சூலும் வந்துவிட்டது. எது மேல் என்பது எந்த உறுப்பைப் பார்க்கவேண்டும் என்பதைப் பொறுத்தது.

சிறுகுடல் என்றால் சாதாரண கேப்சூலே போதும். ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள அந்தக் குடலின் தொடக்கத்தையும் கடைசிப் பகுதியையும் மட்டுமே வழக்கமான குழாய்கள் எட்டும். நடுப்பகுதிக்கு பலூன் பொருத்திய நீளக் குழாய் உண்டு. ஆனால் அது நேரம் பிடிக்கும், பெரும்பாலும் மயக்க மருந்தும் வேண்டும். 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கேப்சூல், 26 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் குறுக்களவும் கொண்டது. நொடிக்கு 2 படம் வீதம் சுமார் 8 மணி நேரம் படமெடுத்தது. குடல் குறுகலானது, சுருங்கி விரிந்து தானே தள்ளிக்கொண்டு போகிறது. அங்கே ஓட்டுநருக்கு வேலை குறைவு.

இரைப்பையில் கதை வேறு. அகலமான பை, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும். ஓட்ட ஆளில்லாத கேப்சூல் அதில் கண்டபடி உருளும். மேல்பகுதியைப் பார்க்காமலே நழுவிவிடலாம். காந்த முறைக்கு அர்த்தம் கிடைப்பது இங்கேதான். நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து இரைப்பையை விரிக்கிறார்கள். படுத்திருப்பவரின் மேலே ரோபோ கையில் பெரிய காந்தம் நகர, மருத்துவர் ஜாய்ஸ்டிக்கால் கேமராவைத் திருப்புகிறார். சீனாவின் நாவிகேம் இந்த வகை. அங்கே 350 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், குழாயோடு ஒப்பிட்டபோது இரைப்பைப் புண், கட்டி போன்ற கோளாறுகளில் சுமார் 90 சதவீதத்தை அது கண்டுபிடித்தது. பெரும்பாலானோர் கேப்சூலைத்தான் விரும்பினார்கள். குழாய்க்குப் பயந்து பரிசோதனையையே தள்ளிப்போடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். அவர்களுக்காகவே இந்த முறை பரவலாகக் கிடைக்கவேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

ஆனால் கேப்சூல் பார்க்கும், அவ்வளவுதான். சந்தேகமான இடத்தில் திசு எடுக்கவோ ரத்தக்கசிவை அடைக்கவோ குழாய்தான் வேண்டும். ரத்த வாந்தி, கருப்பு மலம், விழுங்குவதில் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது இதில் எது இருந்தாலும் நேராகக் குழாய்க்கே போய்விடுங்கள். கேப்சூலில் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு பரிசோதனையாகத்தான் முடியும். பெருங்குடலுக்கும் என் தேர்வு குழாய்தான். கேப்சூலுக்கும் குடலைச் சுத்தம் செய்தே ஆகவேண்டும். அப்புறம் பாலிப் (குடல் சுவரில் வளரும் சதை) தெரிந்தால் அதை அகற்ற மறுபடி கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியே விடும் குழாய்.

கேப்சூலைத் தேர்ந்தெடுத்தால் சிலவற்றை முன்பே சொல்லிவிடவேண்டும். க்ரோன்ஸ் நோயோ (குடலில் நாள்பட்ட அழற்சி) பழைய அறுவைசிகிச்சையோ காரணமாகக் குடல் குறுகியிருந்தால் அது சிக்கிக்கொள்ளலாம். அதனால் முதலில் கரையக்கூடிய ஒரு வெள்ளோட்ட கேப்சூலைக் கொடுத்துப் பார்ப்பார்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்குக் காந்த முறை பொதுவாக ஆகாது. விழுங்கியது வெளியே வந்தது உறுதியாகும்வரை யாருக்கும் எம்ஆர்ஐ எடுக்கக் கூடாது.