கூட்டாட்சி மானியமா, வழக்குத் தீர்வுப் பணமா?

ஓபியாய்டு (அடிமையாக்கும் அபினி வகை வலிநிவாரணிகளும் போதைப்பொருட்களும்) சிக்கலுக்காக அமெரிக்காவில் ஊர் அளவில் வேலை செய்யும் குழுக்கள், பணத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று குழம்புகின்றன. ஒன்று, கூட்டாட்சி அரசின் 'டிரக்-ஃப்ரீ கம்யூனிட்டீஸ்' மானியம். மற்றது, மருந்து விநியோக நிறுவனங்களும் ஜான்சன் அண்டு ஜான்சனும் 2021இல் ஒப்புக்கொண்ட 2,600 கோடி டாலர் ஓபியாய்டு வழக்குத் தீர்வில் கவுன்டிக்கு (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதிக்கு) வரும் பங்கு.

தொகை: மானியம் ஆண்டுக்கு அதிகபட்சம் 1,25,000 டாலர். தீர்வுப் பணம் கவுன்டிக்குக் கவுன்டி மாறும்.

காலம்: மானியம் ஐந்தாண்டு, மறுபடி வென்றால் மொத்தம் பத்து. விநியோகஸ்தர்களின் தவணையோ 18 ஆண்டுகள்.

கைப்பணம்: இங்கேதான் சிறு குழுக்கள் திணறுகின்றன. மானியத்தில் அரசு தரும் ஒவ்வொரு டாலருக்கும் குழுவும் ஒரு டாலர் காட்ட வேண்டும். ஏழாம் ஆண்டிலிருந்து அதற்கும் மேல். ஆனால் ரொக்கமாகவே இருக்க வேண்டியதில்லை. தன்னார்வலர் உழைத்த நேரம், தேவாலயம் இலவசமாகத் தந்த கூடம் எல்லாம் கணக்கில் சேரும். வருகைப் பதிவேட்டை முதல் நாளிலிருந்தே ஒழுங்காக வைத்திருங்கள்.

பயன்பாடு: மானியம் இளையோரைப் போதையிலிருந்து தடுக்க, சிகிச்சைக்குத் தொட முடியாது. தீர்வுப் பணத்தில் நலாக்சோன் (அளவு மீறி ஓபியாய்டு எடுத்தவரைக் காப்பாற்றும் மருந்து) வாங்கலாம், சிகிச்சையும் தரலாம்.

அலைச்சல்: முதலாவதற்குப் பன்னிரண்டு துறையினர் அடங்கிய கூட்டணியும் நீண்ட விண்ணப்பமும் வேண்டும். இரண்டாவதில் பல இடங்களில் கவுன்டி ஆணையர்களைச் சம்மதிக்க வைத்தால்தான் காரியம் நடக்கும் (அது எளிது என்று யார் சொன்னது?).

பள்ளி மாணவர்களோடு வேலை என்றால் மானியம். ஓபியாய்டை அளவு மீறி எடுத்து உயிருக்குப் போராடுபவர்களைக் காப்பது உங்கள் வேலை என்றால், கவுன்டி பட்ஜெட் கூட்டத்துக்கு நேராகப் போய்விடுங்கள்.