1000 வாட் பெட்டிக்குள் 1 அம்பியர் ஃபியூஸ்: சப்வூஃபர் மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு தெரஸ் வீடு. ஹாலில் 5 இஞ்ச் வூஃபர் வைத்த இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், அவற்றை இயக்கும் ஒரு ஸ்டீரியோ ஆம்ப், அடி ஸ்தாயிக்கென்று தனியாக ஒரு பழைய 8 இஞ்ச் சப்வூஃபர் (சுருக்கமாகச் சப்). பாஸ் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால் நன்றாக இருக்கும் என்று வீட்டுக்காரர் நகரில் ஒரு கடைக்குப் போனார். பழையதை 250 வெள்ளிக்கு (ரிங்கிட்) எடுத்துக்கொண்டு, மேலே 1,450 வெள்ளி வாங்கிக்கொண்டு, "அண்ணே, 12 இஞ்ச், 1000 வாட், வீடே ஆடும்" என்று ஒரு பெட்டியை ஏற்றிவிட்டார்கள். முதலில் விடாத உறுமல். பிறகு பின்பக்கத் தகடு கைவைக்க முடியாத சூடு, கருகல் வாடை. மூன்றாவது வாரம் ஸ்டீரியோ ஆம்பின் வலது சேனலும் போய்விட்டது. கடையில் கேட்டால், "நீங்கதான் வயரை மாத்திக் குடுத்திருப்பீங்க." வீட்டுக்கு வந்து வயர் மாட்டியதே கடை ஆள்தான்.

அந்தப் பெட்டியை நாங்கள் திறப்பதற்கு முன்பே குட்டு வெளிப்பட்டது. கரண்ட் வயர் செருகும் இடத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஃபியூஸ் அளவு அச்சிட்டிருந்தது: டி1ஏ, 250 வோல்ட். நம் ஊர் 240 வோல்ட்டில் 1 அம்பியர் என்றால் 240 வாட் உள்ளே போகிறது. 'டி' வகை, அதாவது மெதுவாக உருகும் ஃபியூஸ், சில வினாடிகள் கூடுதலாகத் தாங்கும். பாட்டும் முழு நேரமும் உச்சத்தில் ஓடுவதில்லை. அதனால் 2 அம்பியர் ஃபியூஸ் போட்ட 300 வாட் சப் பொய் என்று சொல்ல மாட்டோம். ஆனால் 1 அம்பியரில் 1000 வாட் ஆர்எம்எஸ் (நீடித்துக் கொடுக்கும் சக்தி) எந்தக் கணக்கிலும் வராது. திருகுகளைக் கழற்றித் தகட்டை இழுத்ததும் வட்ட டிரான்ஸ்ஃபார்மரில் அது தாங்கும் அளவு 120 வீஏ என்று ஒட்டியிருந்தது. நீடித்துக் கொடுக்கும் சக்தி 80 வாட்டைத் தாண்டாது. "1000" என்பது பிஎம்பிஓ, அதாவது கண் இமைக்கும் நேர உச்சத்தைத் தங்கள் இஷ்டத்துக்குப் பெருக்கி எழுதும் எண். இதற்குத் தரநிலை எதுவும் கிடையாது.

டிரைவரை, அதாவது கோனும் காந்தமும் சேர்ந்த ஸ்பீக்கர் பாகத்தை, கழற்றினால் காந்தத்தின் பின்னால் ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம், நான்கு டெர்மினல். வீட்டு சப்பில் பெரும்பாலும் இரண்டுதான் இருக்கும். இது இரட்டை வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச் சுருள்) வைத்த கார் சப். மல்டிமீட்டரில் ஒவ்வொரு காயிலும் 3.4 ஓம் காட்டியது. அதாவது ஒவ்வொன்றும் 4 ஓம் காயில். இரண்டையும் பேரலலாகக் கட்டியிருந்ததால் சப்புக்குள்ளேயே இருக்கும் ஆம்புக்குத் தெரிந்தது 1.7 ஓம். அந்த ஆம்ப் போர்டிலோ "குறைந்தது 4 ஓம்" என்று அச்சடித்திருக்கிறது. ஓம் குறையக் குறைய ஆம்ப் தள்ள வேண்டிய கரண்ட் கூடும். சூடும் கருகலும் வந்த வழி இதுதான்.

கார் சப் மட்டமான சாமான் அல்ல, வைத்த இடம்தான் தப்பு. காருக்குள் காற்று கொஞ்சம். அந்தச் சின்ன அறையே அடி பாஸைத் தூக்கிக் கொடுக்கும். அதை நம்பித்தான் டிரைவரைச் செய்கிறார்கள். ஹாலில் அந்த உதவி கிடைக்காது. போதாக்குறைக்கு டிரைவருக்குப் பற்றாத சின்னப் பெட்டி: 50, 60 ஹெர்ட்ஸில் (எண் குறையக் குறைய ஸ்தாயி கீழே) சத்தத்தில் ஒரு மேடு, 30க்குக் கீழே ஒன்றுமே இல்லை.

அப்படியானால் கடையில் மட்டும் எப்படி அதிர்ந்தது? டெமோ அறை சுமார் 3 மீட்டர் நீளம். அந்த நீளத்தில் அறையே 58 ஹெர்ட்ஸ் வாக்கில் எதிரொலித்து ஓங்கும். பெட்டியின் மேடும் அறையின் மேடும் ஒரே இடத்தில் விழ, மூலையில் வேறு வைத்து, 60 ஹெர்ட்ஸ் அடி விழும் பாட்டாகப் பார்த்துப் போட்டால் யாருக்குமே நெஞ்சு அதிரும். 20 அடி அகல தெரஸ் ஹாலில் அந்த எதிரொலி 29 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அங்கே இந்தப் பெட்டியிடம் கொடுக்க எதுவும் இல்லை. ஆகவே கடைக்குப் போகும்போது கைப்பேசியில் 60, 40, 30, 25 ஹெர்ட்ஸ் டோன்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 3.5 மில்லிமீட்டர் ஹெட்ஃபோன் முனையிலிருந்து ஆர்சிஏ முனைக்கு (சப்பின் பின்பக்க வட்டச் செருகி) போகும் வயர் ஒன்றும் வேண்டும். சத்தத்தைக் குறைவாக வைத்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். 30இல் அடி ஸ்தாயி மறைந்து "புர்ர்" என்ற காற்றோ அதன் இரட்டிப்புச் சத்தமோ மட்டும் கேட்டால், "20 ஹெர்ட்ஸ் வரை" என்ற அட்டைப்பெட்டி வாசகத்தை மறந்துவிடலாம். பக்கத்தில் "±3 டெசிபல்" என்று, அதாவது சத்தம் எவ்வளவு ஏறி இறங்கும் என்று, போடாத எண்ணுக்கு எப்போதுமே மதிப்பில்லை.

கிரில்லைக் கழற்றச் சொல்லி, இரண்டு கை விரல்களாலும் கோனைச் சமமாக அழுத்திப் பாருங்கள். சுரண்டும் சத்தம் வந்தால் காயில் உரசுகிறது. விளிம்பு ரப்பராக இருப்பது நல்லது. நம் ஊர் ஈரத்துக்கு ஃபோம் விளிம்பு சீக்கிரம் பொடியாகும். பழைய சாமானில் கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய இடம்.

வலது சேனலுக்கு வருவோம். வீட்டு ஸ்டீரியோ ஆம்பில் சப் அவுட் (சப்புக்கான தனி வெளியீடு) இல்லை, அதனால் ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்து ஹை லெவல் வயர் எடுத்திருக்கிறார்கள். அது சரியான வழிதான். ஆனால் ஆம்ப் பிரிட்ஜ் முறையில் ஓடும் கிளாஸ் டி. அதில் கறுப்பு டெர்மினலும் கிரவுண்ட் (சிக்னல் ஓடாத பொது முனை) அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. கடை ஆள் இரண்டு கறுப்பையும் முறுக்கிச் சப்பின் ஒரே கிரவுண்டில் போட்டுவிட்டார். ஆம்பை அணைத்து, ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, இரண்டு கறுப்புக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஏறக்குறைய 0 ஓம் காட்டாவிட்டால் அவற்றை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சப் தயாரிப்பாளர் அனுமதித்தால் கிரவுண்ட் வயரை ஆம்பின் உடல் திருகில் மாட்டலாம்.

எங்களைத் திடுக்கிட வைத்தது பிளக். 13 அம்பியர் மூன்று முனைப் பிளக்கைத் திறந்தால் பச்சை மஞ்சள் எர்த் வயரை நறுக்கி, டேப் சுற்றி வைத்திருந்தார்கள். உறுமலுக்குக் கடை பார்த்த வைத்தியம்! பின்னால் உலோகத் தகடு போட்ட சப் இது. உள்ளே ஒரு வயர் கழன்று தட்டினால் தகடு முழுக்க 240 வோல்ட். குழந்தைகள் ஓடும் ஹால். உறுமல் வந்ததோ ஆஸ்ட்ரோ டிஷ் கேபிள் வழியாக: டிஷ், டிகோடர், டிவி, ஆம்ப், சப் என்று ஒரு கிரவுண்ட் வளையம் (இரண்டு வழியாக எர்த் ஆவதால் வரும் உறுமல்). டிகோடரின் பின்னாலிருந்து டிஷ் கேபிளைக் கழற்றினால் உறுமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் டிவியிலிருந்து ஆப்டிகல் வயர் எடுங்கள், அதில் மின் தொடர்பே இல்லை. ஆம்பில் ஆப்டிகல் வழி இல்லாவிட்டால் நடுவில் டிஜிட்டலை அனலாக் சிக்னலாக்கும் சின்ன டிஏசி பெட்டி போதும். எர்த்தில் மட்டும் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

உண்மையில் அந்த வீட்டுக்கு 12 இஞ்சே தேவையில்லை. ரப்பர் விளிம்பு 10 இஞ்ச், மூடிய பெட்டி, நேர்மையான 200 வாட், சப் எந்த ஸ்தாயி வரை பாடும் என்பதைத் தீர்மானிக்கும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் பாட்டுக்குத் தாராளம். பக்கத்து வீட்டோடு சுவரைப் பங்கிட்டுக்கொள்கிறவர்களுக்கு அதுவே அதிகம். ஆனால் இஞ்ச் கூடியதாலேயே பாஸ் இறங்கிவிடாது. 40 ஹெர்ட்ஸில் கிடைத்த அதே சத்தம் 20இலும் வேண்டுமென்றால் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும், அதற்குக் கோனின் ஓட்டமும் ஆம்பின் பலமும் கூடவே வளர வேண்டும்.

ரசீதில் இருந்தது "ஸ்பீக்கர் 1 யூனிட்" மட்டும். மாடல், சீரியல் எண், ஆர்எம்எஸ் வாட், வாரண்டி யாருடையது என்பதை எழுதி வாங்காமல் காசை நீட்டாதீர்கள். "விற்ற சாமான் திரும்பப் பெறப்படாது" என்ற பலகை 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உத்தரவாதத்தை அழித்துவிடாது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில், அதாவது திரிபூனல் துன்துத்தான் பெங்குனாவில், பாரம் 1 பூர்த்தி செய்து 5 வெள்ளி கட்டினால் 50,000 வெள்ளி வரை மூன்று ஆண்டுக்குள் கோரலாம். வக்கீல் தேவையில்லை. ஃபியூஸ் அளவு, டிரான்ஸ்ஃபார்மர் ஸ்டிக்கர், நறுக்கிய எர்த் வயர் மூன்றையும் ரசீதோடு சேர்த்துப் படமெடுத்தாகிவிட்டது. பழைய 8 இஞ்ச் மட்டும் திரும்பக் கிடைக்காது. கடைக்காரர்கள் 600 வெள்ளி விலை ஒட்டி வாசலில் வைத்தார்கள், மறு வாரமே விற்றுவிட்டது.