பயிற்சியா, வளையமா, சத்திரசிகிச்சையா: தும்மினால் சலம் கசியும் பெண்களுக்கு

சரக்குத்தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுக்கும் நாளில், தாச்சியிலிருந்து எழும் காரம் மூக்கில் ஏறி இரண்டு தரம் தும்மினால் உடுப்பு நனைந்துவிடும் நிலை எனக்கு 52 ஆவது வயதில் வந்தது. "வயசு போனால் எல்லாருக்கும் வாறதுதானே அக்கா" என்று பக்கத்து வீட்டுத் தங்கை சொன்ன ஆறுதலை நம்பி ஒன்றரை வருடத்தைக் கழித்த பின்னரே பெண்ணோயியல் கிளினிக்குக்குச் சென்றேன்.

தும்மும்போதும் கிணற்றில் வாளி இழுக்கும்போதும் கசிவது ஒரு வகை; திடீரென முட்டிக்கொண்டு வந்து, கழிவறைக் கதவைத் திறப்பதற்குள் போய்விடுவது வேறு வகை; இரண்டும் சேர்ந்தும் வரலாம். சிறுநீரில் கிருமித்தொற்றும் சீனியும் உண்டா என்று பரிசோதித்த வைத்தியர், மூன்று நாட்களுக்குக் குடித்ததையும் கழித்ததையும் கொப்பியில் எழுதிவரச் சொன்னார். எனக்கு முதலாவது வகை என்று அதில் தெரிந்தது. இரண்டாவது வகைக்கு, தேநீரைக் குறைத்து, கழிவறைக்குப் போகும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டிப் பழகுவதும், தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. அந்த மாத்திரைகள் தும்மற் கசிவுக்கு உதவுவதில்லை. ஈரத்தை உறிஞ்சும் பாட் வைப்பது உடுப்பைக் காக்கும், நோயைத் தீர்க்காது.

ஆகவே என் முன் மூன்று வழிகள் இருந்தன. யோனிக்குள் வைக்கும் சிலிக்கோன் வளையம் சிறுநீர்வழியைத் தாங்கிப் பிடிக்கும். கருப்பை இறக்கமும் உள்ளவர்களுக்கு அது கூடுதலாகப் பொருந்தும். ஆனால் அதைக் கழற்றிக் கழுவ வேண்டும், அல்லது கிளினிக்கில் ஒழுங்காகக் காட்ட வேண்டும். கவனிக்காவிட்டால் புண்ணும் வெள்ளைபடுதலும் வரலாம். நான் அதை அணிந்து பார்த்தவள் அல்லள்.

சத்திரசிகிச்சையையும் நான் செய்துகொள்ளவில்லை. வைத்தியர் விளக்கியதைக் கொண்டே எழுதுகிறேன். சிறுநீர்வழியின் கீழே செயற்கை வலைநாடா ஒன்றை வைத்துத் தாங்கும் முறை பலருக்கு விரைவில் பலன் தந்திருக்கிறது. ஆயினும் நாடா உடற்தசையோடு பின்னிவிடுவதால், பின்னர் வலி வந்தாலோ, நாடா உட்சதையை அரித்து வெளியே தெரிந்தாலோ முழுவதுமாக எடுப்பது கடினம். இக்காரணத்தாலேயே இங்கிலாந்தில் 2018 இல் அதன் பாவனை இடைநிறுத்தப்பட்டது. சொந்த உடலின் இழையத்தைக் கொண்டு செய்யும் முறையும் உண்டு. அதற்குக் கீறல் பெரிது.

நான் தேர்ந்தது இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. சலத்தையும் வாயுவையும் அடக்கும்போது உள்ளே மேல்நோக்கி இறுகுகிற தசைகளை, ஒரு முறைக்கு எட்டுச் சுருக்கமாவது, நாளுக்கு மூன்று முறை, குறைந்தது மூன்று மாதங்கள் சுருக்கித் தளர்த்த வேண்டும். கேட்பதற்கு எளிது, நானோ முதல் மாதம் முழுவதும் மூச்சைப் பிடித்து, பிட்டத்தை இறுக்கி, கீழ்நோக்கி முக்கிக்கொண்டிருந்தேன். அது கசிவைக் கூட்டும் வேலை. கையுறை அணிந்த விரலால் பரிசோதித்த பிசியோதெரபிஸ்ட் பெண், "முக்காதேங்கோ அம்மா, உள்ளுக்கு இழுங்கோ" என்று திருத்திய பின்னரே சரியான தசை பிடிபட்டது. வாய்ச்சொல்லை மட்டும் கேட்டு வீட்டில் தொடங்குவதில் எனக்கு நம்பிக்கையில்லாமற்போனதற்குக் காரணம் அதுவே.

முடிவை என்னளவில் தீர்மானித்தது பராமரிப்புத்தான். வளையத்துக்குக் கழுவலும் கிளினிக் நாளும் வேண்டும். நாடா பிழையாகிப்போனால் இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டும். பாட் வாங்க மாதந்தோறும் காசும், அதை யாருக்கும் தெரியாமல் எரிக்க வளவில் ஒரு மூலையும் வேண்டும். பயிற்சிக்கு வேண்டியது மறவாமை ஒன்றே. அதுவே அதன் பலவீனமும். மகளின் கலியாண வேலைகளில் இரண்டு மாதம் விட்டுவிட்டேன். பலகாரம் சுடும் புகையில் இருமியபோது பழைய ஈரம் திரும்பி வந்தது. அதன்பின் காலைத் தேநீர் கொதிக்கும்போது ஒரு முறை, மத்தியானம் சோறு வடித்த பின் ஒரு முறை, மாலை விளக்கேற்றும்போது ஒரு முறை என்று பிணைத்துக்கொண்டேன்.

இப்போது தாச்சியில் மிளகாய் வறுக்கும்போது, தும்மல் வருவது தெரிந்தவுடன் உள்ளே இறுக்கிக்கொள்கிறேன், உடுப்பு நனைவதில்லை. பேருந்துக்கு ஓடினால் இன்றும் சில துளிகள் உண்டு. மூன்று, நான்கு மாதம் சரியாகச் செய்தும் மாறாத ஒருவரை, பயிற்சியிலேயே நில்லுங்கள் என்று நான் மறிக்கமாட்டேன். சத்திரசிகிச்சைக்குப் போவதானால், எந்த நாடா, பின்னர் எடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்வேன்.