லாரிக்கு எக்ஸ்ட்ரா லைட்: எல்இடி பாரா, உருண்டை லைட்டா, பம்பர் ஃபாக் லைட்டா?

ராத்திரி ஓட்டத்துக்கு ஹெட்லைட் பத்தவில்லை என்று வயரிங் கடைக்குப் போனால் மூன்று சரக்கை எடுத்துக் காட்டுவார்கள். கேபின் நெற்றியில் மாட்டும் எல்இடி பார். பம்பரில் நிற்கும் உருண்டையான தூர லைட் ஜோடி. பம்பருக்குள்ளேயே தாழ்வாக உட்காரும் ஹாலஜன் ஃபாக் லைட் ஜோடி. எங்கள் பன்னிரண்டு சக்கர வண்டிக்கு நான் கடைசியாகச் சொன்னதைத்தான் போட்டேன். "இப்ப யாருண்ணா ஹாலஜன் கேக்கறாங்க?" என்றார் கடைக்காரத் தம்பி. அந்தக் கேள்விக்குத்தான் இங்கே விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

முதலில், ராத்திரியில் நமக்குத் தெரியாமல் போவது எது? நாமக்கல்லில் ஏற்றி 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஹைதராபாத், நாக்பூர் என்று மேலே போகிறவர்களுக்கு இது தெரிந்த கதை. தூரம் ஓரளவு தெரிந்துவிடும். இடது ஓரம்தான் தெரியாது. ரிஃப்ளெக்டர் இல்லாமல் ஓரங்கட்டி நிற்கும் வண்டி, பின்லைட் எரியாத கரும்பு டிராக்டர், படுத்திருக்கும் மாடு எல்லாம் அங்கேதான். எதிரே வண்டி வரும்போது நாம் டிம் போட்டுவிடுகிறோம், எதிர் வெளிச்சத்தில் கண் கூசுகிறது, அந்த நேரம் பார்த்து ஓரம் இருண்டு போகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறது. கண் பார்த்துக் கால் பிரேக்கைத் தொடுவதற்குள் 25 மீட்டர் போய்விடும். லோடு வண்டி அதற்குப் பிறகு நிற்க இன்னும் 30 மீட்டராவது வேண்டும். டிம் லைட்டின் வீச்சே ஏறக்குறைய இந்த இரண்டும் சேர்ந்த தூரம்தான்.

ஆகவே எக்ஸ்ட்ரா லைட் என்றால் டிம்மில் ஓடும்போதும் உதவ வேண்டும். இந்த ஒரு கேள்வியிலேயே எல்இடி பார் கழன்றுவிடுகிறது. நெற்றியில் இருந்து அடிக்கும் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் நேராக இறங்கும். வண்டி வரும்போதெல்லாம் அணைத்தே ஆக வேண்டும். தூசியும் பனியும் இருந்தால் நம் கண்ணாடிக்கு முன்னாலேயே வெள்ளையாகத் திரை கட்டிவிடும். 300 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். 24 வோல்ட்டில் 300 வாட் என்றால் 12.5 ஆம்பியர் இழுக்க வேண்டும். ஒயரைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பாருங்கள், மலிவு பாரில் அதில் பாதியைக் காண்பதே கடினம். இதற்கு மேல் சட்டம் வேறு இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 111ஆம் விதி, வண்டியின் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் கூடாது என்கிறது. விசேஷமான காரணம் இருந்தால் மட்டும், பதிவு செய்யும் அதிகாரியின் முன் அனுமதியோடு வைக்கலாம். வாளையார் தாண்டிக் கேரளாவுக்குள் போகிற வண்டி என்றால் இதைச் சும்மா விடமாட்டார்கள்.

உருண்டை லைட் அப்படி ஒதுக்க வேண்டிய பொருள் இல்லை. நல்ல ரிஃப்ளெக்டர் உள்ளது என்றால் பிரைட்டுக்குத் துணையாக வெகுதூரம் பிடிக்கும். ஆதிலாபாத் பக்கம் நடுச்சாமத்தில் எதிரே ஆளே இல்லாத நீளத்தில் அதன் அருமை தெரியும். ஆனால் அதை பிரைட் ஒயரோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். டிம் அடித்த உடனே அதுவும் தானாக அணைய வேண்டும். தனி சுவிட்ச் கொடுத்துவிட்டால் தூக்கக் கலக்கத்தில் யார் ஞாபகமாக அணைப்பார்கள்? எதிரே வருகிறவரும் நம்மைப் போல வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர்தான். ஒழுங்காக இணைத்தால், அது எரிகிற நேரம் பிரைட் போடுகிற நேரம் மட்டுமே. நம் ரோட்டில் அந்த நேரம் குறைவு. 111ஆம் விதியும் கூடவே வருகிறது. போட நினைப்பவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஃபாக் லைட் தாழ்வாக இருக்கும், வெளிச்சம் அகலமாகப் பரவும், மேல்பக்கம் வெட்டிவிட்டது போல நின்றுவிடும். டிம்மோடு சேர்த்து எரியவிடலாம். தூரம் கிடைக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வெள்ளைக் கோடு, மண் ஓரம், அங்கே நிற்கும் காலும் டயரும் தெரியும். மார்கழி, தை மாதத்தில் ஆக்ரா, பானிபட் பக்கம் பனி இறங்கும்போது பிரைட் போட்டால் ஒன்றுமே தெரியாது. இது மட்டும்தான் கோட்டைக் காட்டிக்கொடுக்கும். மஞ்சள் நிறம்தான் பனியைக் கிழிக்கும் என்று பலர் சொல்வார்கள். நிறத்தைவிட உயரம்தான் வேலை செய்கிறது என்பது என் எண்ணம். மஞ்சளில் கூச்சம் குறைவு, அவ்வளவே. ஹெட்லைட்டைவிட மேலே ஏற்றிவிட்டால் ஃபாக் லைட் போட்டதற்கே அர்த்தமில்லை.

இதிலும் எல்இடி வருகிறதே, பிறகு ஏன் ஹாலஜன்? பழுதுதான் காரணம். என் முடிவு முழுக்க இதில்தான் நின்றது.

லாரியில் லைட் ஒருநாள் போகத்தான் போகும். கல் தெறிக்கும், குழியில் அதிரும், வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீர் அடிப்பார்கள். எல்இடியில் பெரும்பாலும் வெளிச்சம் தரும் சிப் போவதற்கு முன்பே, அதற்குக் கரண்ட்டை அளந்து கொடுக்கும் 'டிரைவர்' என்ற சர்க்யூட் போர்டுதான் சாகிறது. சீல் வைத்த பொருள், பிரிக்க முடியாது. முழுசாகத் தூக்கிப் போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றப் போனால் அதே மாடல் கிடைக்காது. ஒன்று நீலமாக, ஒன்று வெள்ளையாக எரியும். வீச்சும் ஒன்றுபோல் இருக்காது. ஈரம் புகுந்தாலும் தொல்லைதான். எல்இடியின் சூடு பின்பக்கத் தகடு வழியாகப் போகிறது, முன் கண்ணாடி சூடாவதில்லை, உள்ளே படிந்த ஆவி அப்படியே நிற்கும். ஹாலஜனில் கண்ணாடி சூடாகி அந்த ஆவி காய்ந்துவிடும்.

ஹாலஜன் பல்பும் சாகும், அதுவும் அடிக்கடி. 24 வோல்ட் பல்பின் இழை மெல்லியது, அதிர்ச்சி தாங்காது. ரெகுலேட்டர் கெட்டுச் சார்ஜிங் வோல்ட் 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் இந்த லைட்டுக்குப் போடும் எச்3 என்ற வகை 24 வோல்ட் 70 வாட் பல்பு எந்த ஊர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கிற சரக்கு. டேஷ்போர்டில் ஜோடியாக இரண்டு கிடக்கட்டும். எங்கள் லைட்டில் கீழே விளிம்பில் இரண்டு ஸ்க்ரூ. கழற்றினால் கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்து கையோடு வரும். பின்னால் கம்பி கிளிப்பை அழுத்தி விலக்கி, பல்போடு வரும் குட்டி ஒயரின் முனையை உருவி, புதியதைச் சொருகி, கிளிப்பை மறுபடி மாட்ட வேண்டியதுதான். பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை அந்த இடத்தில் மட்டும் சூட்டை ஏற்றிப் பல்பைக் கொல்லும். பேப்பரையோ சுத்தமான துணியையோ சுற்றிப் பிடிக்க வேண்டும். க்ளீனர் பையன் டோல்கேட் ஓரத்தில் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவான்.

கரண்ட் அதிகம் தின்னும் என்பது உண்மை. இரண்டும் சேர்ந்து 140 வாட், அதாவது சுமார் 6 ஆம்பியர். ஆனால் லாரி ஆல்டர்னேட்டர் 1000 வாட்டுக்கு மேல் கொடுக்கிறது; காருக்கு இது கவலை, நமக்கு இல்லை. கவலைப்பட வேண்டியது ஒயருக்குத்தான். ஹெட்லைட் ஒயரிலேயே கிள்ளி எடுத்து இணைத்தால் வோல்ட் இறங்கும். ஹாலஜனில் 10 சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போய்விடும். ஹாலஜன் மங்கல் என்று திட்டுகிறவர்கள் பலர் பார்த்தது இந்த மங்கலைத்தான். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டுத் தனி ஒயர் இழுங்கள். நடுவில் 24 வோல்ட் ரிலே வையுங்கள்; சுவிட்சின் சின்னக் கரண்ட்டைக் கொண்டு லைட்டின் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடுவது அதுதான். அதன் பின்களில் எண் போட்டிருக்கும்: 30-க்கு பேட்டரி, 87-இல் லைட், 85-க்கு எர்த், 86-க்கு சுவிட்ச். வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு பல்பு முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகு எலக்ட்ரீஷியனுக்குப் பணம் கொடுங்கள். பேட்டரி முனையில் இருப்பதற்கும் இங்கே இருப்பதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் காட்டினால் எர்த்தைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். பம்பர் பெயிண்ட் மேலேயே எர்த் போல்ட்டை முறுக்கியிருப்பார்கள்.

விலை கூடிய எல்இடி ஃபாக் லைட்டை நான் சொந்த வண்டியில் வைத்து ஓட்டியதில்லை. மச்சான் வண்டியில் இருக்கிறது, பிரஷர் தண்ணீரைத் தாங்கும் ஐபி69கே தரம் என்று போட்டிருக்கிறார்கள். ஒரு மழைக்காலம் தாங்கிவிட்டது, வெளிச்சமும் ஒழுங்காக வெட்டி விழுகிறது. நாலைந்து வருஷம் கழித்தும் இப்படியே இருந்தால் என் கணக்கு மாறலாம். என் கணக்கு வெளிமாநிலம் ஓடும் லோடு வண்டிக்கு மட்டும்தான். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்கும் குவாரி டிப்பருக்கும் யோசிக்காமல் எல்இடியே போடலாம். அங்கே லைட் வேண்டியது வேலை நடக்கிற இடத்துக்கு. எதிரே கண் கூசி வருகிறவர் யாருமில்லை, போனாலும் மாற்றிக்கொள்ளப் பட்டறை பக்கத்திலேயே இருக்கிறது.