மூன்றடுக்கு மணநாள் கேக்: பல முறை செய்தபின் கையில் தங்கிய சாமான்கள்

வீட்டு அவனில் சுட்டு வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்து முடிக்கும் மூன்றடுக்குக் கேக்குக்கு 6, 8, 10 அங்குல வட்டம்தான் தோதான அளவு. ஒவ்வொரு அடுக்கும் 4 அங்குல உயரம். 1 அங்குல அகலம், 2 அங்குல நீளத் துண்டுகளாகப் போட்டால் 70 பேருக்குப் பரிமாறலாம். நிரப்பு, மேல்பூச்சு எல்லாம் சேர்ந்து எடை 10 கிலோவைத் தொடும். அதில் ஏறக்குறைய பாதி கீழடுக்கின் தலையில் உட்காருகிறது. புதிதாகச் செய்பவர்கள் கிரீம் பிழியும் நாசில்களிலும் பூ அச்சுகளிலும் பணத்தைப் போடுகிறார்கள். கேக்கைக் காப்பாற்றுபவை உள்ளே போகும் குச்சிகள், அடியில் இருக்கும் போர்டு, டர்ன்டேபிள் எனும் சுழலும் தட்டு மூன்றும்தான்.

குச்சியிலிருந்து தொடங்கலாம். மேலடுக்கு அதன் போர்டில் நிற்கிறது, போர்டு குச்சிகளில் நிற்கிறது. ஸ்பாஞ்ச், அதாவது மெத்தென்று சுட்ட கேக், எந்த எடையையும் சுமக்கக் கூடாது. மரக்குச்சி நல்ல பலம், ஆனால் வீட்டில் நேராக வெட்டுவது சிரமம். முனை சாய்வாக வெட்டுப்பட்டால் மேலடுக்கும் சாயும். பபிள் டீக்கு வரும் அகலமான பிளாஸ்டிக் ஸ்ட்ராவைக் கத்தரிக்கோலாலேயே வெட்டிவிடலாம். உள்ளே கேக் புகுந்து நிறைவதால் அசையாமல் நிற்கும். நடு அடுக்குக்கு அது தாராளம். கீழடுக்குக்கு இன்னும் தடித்த பிளாஸ்டிக் குழாய்தான் நம்பிக்கையானது, கழுவித் திரும்பவும் பயன்படுத்தலாம். காகித ஸ்ட்ரா மட்டும் வேண்டவே வேண்டாம். கேக்கின் ஈரத்தை உறிஞ்சிச் சில மணி நேரத்தில் தளர்ந்துவிடும்.

10 அங்குல அடுக்கில் ஆறு குச்சி, 8 அங்குல அடுக்கில் நான்கு. மேலே வரப்போகும் அடுக்கின் அளவுள்ள போர்டை வைத்து லேசாகக் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு 1 அங்குலம் உள்ளே வட்டமாகக் குத்த வேண்டும். பலரும் தவறுவது நீளத்தில். கேக்கின் உயரமான இடத்தில் ஒன்றைக் குத்தி, மேல்மட்டத்தில் குறித்து, வெளியே எடுத்து, மற்ற எல்லாவற்றையும் அதே நீளத்துக்கு வெட்ட வேண்டும். அந்தந்த இடத்தில் அளந்து வெட்டினால் கேக்கின் மேட்டுப்பள்ளம் அப்படியே மேலடுக்கின் சாய்வாகிவிடும். நீளம் 1 மி.மீ. கூடினால் ஓரத்தில் கிரீம் பிழிந்து மறைத்துவிடலாம். குறைந்தால் எடை ஸ்பாஞ்சில் இறங்கி, சில மணி நேரத்தில் கீழடுக்கின் பக்கம் தொப்பை போடும், அதைச் சரிசெய்ய வழியில்லை.

மூன்றையும் ஊடுருவும் நடுக்குச்சி, அடுக்கியபடியே வண்டியில் கொண்டுபோவதாக இருந்தால் கட்டாயம். முனையைப் பென்சில் சீவியில் சீவிச் சுத்தியலால் இறக்குவதுண்டு. அப்படி அட்டையைத் துளைக்கும்போது ஸ்பாஞ்சும் அமுங்குகிறது. அடுக்குகளின் போர்டுகளில் முன்கூட்டியே நடுவில் துளை போட்டு வைத்தால் அந்தத் தொல்லையே இல்லை. குச்சியின் நீளம் கேக்கின் மொத்த உயரத்தைவிட அரை அங்குலம் குறைவாக இருக்கட்டும்.

அடி போர்டு 12 மி.மீ. தடிமன், 14 அங்குல அகலம். வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை போர்டு ஓரடுக்குக் கேக்குக்குப் போதும். 10 கிலோவை ஏற்றி இரு ஓரத்தையும் பிடித்துத் தூக்கினால் நடுவில் வளைகிறது. கீழோரத்தில் ஃபாண்டன்ட் (தேய்த்துக் கேக்கின் மேல் போர்த்தும் சர்க்கரை உறை) வெடிப்பதற்குப் பெரும்பாலும் இந்த வளைவே காரணம், பழி மட்டும் ஃபாண்டன்டுக்குப் போகிறது. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை வளையாது. அதற்குத் தண்ணீர்தான் எதிரி. ஊறினால் ஓரம் உப்பிவிடும், அதனால் கழுவாமல் துடைத்து, ஒவ்வொரு முறையும் புதுத் தாள் சுற்றுவது நல்லது.

டர்ன்டேபிளில் பிளாஸ்டிக் வகை 8 அங்குலம் வரை சமாளிக்கும். 5 கிலோ அடுக்கு மையத்திலிருந்து கொஞ்சம் விலகி உட்கார்ந்தாலே தட்டு ஒரு பக்கம் இறங்குகிறது, பூச்சை வழித்துச் சமப்படுத்தும் ஸ்கிரேப்பர் அந்த ஆட்டத்தை அப்படியே பட்டர்கிரீமில் வரைந்துவிடுகிறது. 12 அங்குல உலோகத் தட்டு கனமாக இருப்பதே அதன் சிறப்பு. ஐசிங் சர்க்கரை பேரிங்குக்குள் போய்ச் சுழற்சியை இறுக்கும். தண்ணீரில் முக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் பல வருடம் வரும். ஸ்கிரேப்பர் 6 அங்குல உயரத்தில் ஸ்டீலாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கின் விளிம்பில் சிறு பிசிறு விழுந்தாலும் கேக்கைச் சுற்றிலும் கோடு தெரியும்.

சுடுவதில் கவனம் வேண்டியது 10 அங்குலத்துக்குத்தான். ஓரம் காய்ந்தபிறகும் நடு மாவாகவே இருக்கும். வெப்பம் 160 டிகிரி செல்சியஸ், டின்னைச் சுற்றி ஈரத்துணிப் பட்டை, நடுவில் தலைகீழாக நிறுத்திய உலோகப் பூ ஆணி (கிரீம் பூ பிழிய உதவும் தட்டைத்தலை ஆணி): இந்த மூன்றும் சேர்ந்தால் மேடு குறைந்து நடுவும் வேகும். மாவின் அளவுக்கு டின்னின் பரப்பளவைப் பார்க்க வேண்டும். 6 அங்குலத்துக்கு 1 பங்கு என்றால் 8க்கு 1.8, 10க்கு 2.8 பங்கு. அவனில் ஒரு டின்தான் கொள்ளும் என்றால் மொத்த மாவையும் ஒரே தடவையில் கலக்கக் கூடாது. காத்திருக்கும் மாவில் பேக்கிங் பவுடர் தன் வேலையை முடித்துவிடும், இரண்டாவது ஸ்பாஞ்ச் அடர்த்தியாக வரும். அவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் சின்னப் பொருள், ஆனால் முதலில் வாங்க வேண்டியது அதைத்தான். திருகில் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

பூச்சைப் பொறுத்தவரை, ஃபாண்டன்டுக்கு அடியில் கனாஷைவிட நன்றாக எதுவும் நிற்பதில்லை. டார்க் சாக்லேட் 2 பங்குக்குக் கிரீம் 1, வெள்ளை சாக்லேட் 3க்கு 1. ஓடுபோல இறுகி விளிம்பு கூர்மையாக வரும். சுவிஸ் மெரிங் பட்டர்கிரீம் சுவையில் மேல், ஆனால் வெப்பமான அறையில் இளகிவிடும். முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் 71 டிகிரி வரை சூடாக்கவும், வெண்ணெய் போடுமுன் பாத்திரம் ஆறவும் பொறுமை வேண்டும். வெண்ணெயில் பாதிக்கு ஷார்ட்டனிங் (கெட்டியான தாவரக் கொழுப்பு) சேர்த்தால் உறுதி கிடைக்கும், நாக்கில் பிசுக்கும் தங்கும். சாப்பிடுபவர்களுக்காகச் செய்வதால் அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

நிரப்பியதும் பூசக் கூடாது. ஓரத்தில் கெட்டியான பட்டர்கிரீமால் கரை கட்டி, உள்ளே நிரப்பு வைத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மேலே ஒரு சுத்தமான டைல் கல்லை 6 மணி நேரம் வைத்தால் கேக் படிய வேண்டிய அளவு படிந்துவிடும். இதைத் தவிர்த்தால் அந்தப் படிவு ஃபாண்டன்ட் போட்டபிறகு நடக்கும், பக்கவாட்டில் வளையம்போலப் பிதுங்கும்.

ஃபாண்டன்ட் 6 அங்குலத்துக்கு 500 கிராம், 8க்கு 700 கிராம், 10க்கு 1 கிலோ. தடிமன் 3 முதல் 4 மி.மீ. பத்தங்குல அடுக்குக்கு விட்டம் 10 அங்குலத்துடன் இரு பக்க உயரம் 4, 4 சேர்த்து 18, கையிருப்புக்கு 1, ஆக 19 அங்குல வட்டம் தேய்க்க வேண்டும். யானைத்தோல்போல விளிம்பில் வெடிப்பு வந்தால் ஃபாண்டன்ட் காய்ந்திருக்கிறது என்று பொருள். துளி ஷார்ட்டனிங் தேய்த்துப் பிசைந்தால் சரியாகும், கார்ன்ஃப்ளவர் தூவினால் இன்னும் காயும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் வியர்க்கும், அப்போது விரல் பட்டால் தடம் விழும். அட்டைப்பெட்டிக்குள்ளேயே அறைச்சூட்டுக்கு வரவிட்டால் வியர்வை பெட்டியின் மேல் படியும்.

சர்க்கரைப் பூக்களுக்கு 250 கிராம் ஃபாண்டன்டில் 1 டீஸ்பூன் சிஎம்சி (கெட்டிப்படுத்தும் பொடி), காய 2, 3 நாள். ஃபிரிட்ஜில் வைத்தால் தளர்ந்துவிடும், கடைசியில் ஒட்டுவதே நல்லது.

கார் சீட் பின்பக்கம் சரிவாக இருப்பதால் கேக்கை அதில் வைக்கக் கூடாது. தட்டையான தரையில், வழுக்காத விரிப்பின்மேல் போகட்டும். மேலடுக்கு தனிப்பெட்டியில் வந்து, அங்கே போனபின் ஏறினால் நிம்மதி. வெட்டப்போகிறவரிடம் உள்ளே எத்தனை குச்சி என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மேலிருந்து ஒவ்வோர் அடுக்காகக் கழற்றி, பத்துக் குழாய்களையும் நடுக்குச்சி இருந்தால் அதையும் எண்ணி எடுத்துவைத்த பிறகே கீழடுக்கில் கத்தி இறங்கலாம்.